பன்னிரண்டு உருண்டை

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் சுயம்புலிங்கத்தின் வண்டி எதுவென்று தெரிந்துகொள்ள நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. வரிசையில் டிரைவர் பக்கமாகச் சாய்ந்து நிற்பது எதுவோ அது அவனுடையது. ஆள் இறங்கி டீ குடிக்கப் போன பிறகும் வண்டி நிமிராது. வண்டியைத் தாங்குகிற வில்பட்டை அப்படி வளைந்து பழகிவிட்டது. சீட்டை இரண்டு தடவை பின்னுக்குத் தள்ளி வெல்டு வைத்தாயிற்று, அப்படியும் ஸ்டியரிங் தொப்பையை உரசிக்கொண்டுதான் திரும்பும். கம்பம்மெட்டு ஏறும்போது கொண்டை ஊசி வளைவு வந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் ஒடிப்பான். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், அண்ணன் மூச்சை இழுக்கிறார், கம்பியைப் பிடிங்கடி என்று ஒருத்தியை ஒருத்தி உஷார் செய்துகொள்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரித்தால் வண்டியே குலுங்கும்.

தொண்ணூற்றாறில் முதல் ஜீப்பை எடுத்தபோது அவன் இப்படியில்லை. நல்ல காற்றடித்தால் ஆளைக் கட்டிப்போட வேண்டும் என்று ஸ்டாண்டில் கேலி பேசுகிற அளவுக்கு நரங்கிப்போய் இருந்தான். விடியுமுன் கறுக்கலில் கம்பத்தின் தெருக்களில் ஒவ்வொருத்தியாக ஏற்றிக்கொண்டு, மெட்டு ஏறி, கேரளாவுக்குள் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, காய் எடுத்து முடிகிறவரை அங்கேயே கிடந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதுதான் பிழைப்பு. பன்னிரண்டு பெண்கள். நாலு பேர் காலனி, மற்றவர்கள் ஊருக்குள் வெவ்வேறு தெரு.

அவன் பெருத்த கதைக்குக் காரணம் ஒரு குரங்கு. வண்டி ஓட்ட ஆரம்பித்த புதிதில் செக்போஸ்டில் நிறுத்தியிருந்தபோது, முன் சீட்டில் வைத்திருந்த தூக்குவாளியை ஒரு கடுவன் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மத்தியானம் தோட்டத்து ஸ்டோர் வராந்தாவில், அதாவது ஏலக்காயைச் சூடேற்றிக் காயவைக்கிற கட்டடத்தின் தாழ்வாரத்தில், பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட, அவன் மட்டும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளி நின்றான். காலனி அன்னத்தாய்தான் முதலில் பார்த்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், அவனைவிட நாலைந்து வயது மூப்பு. கம்பஞ்சோற்றை உருட்டி, நடுவில் குழி பண்ணி, கருவாட்டுக் குழம்பை ஊற்றி நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கே யோசனை வந்தது போல. கை பாதியில் நின்றது. மற்ற பெண்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காலனிக்காரர் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத டிரைவர்கள் அந்த ஸ்டாண்டில் நிறையப் பேர் இருந்தார்கள். சுயம்புலிங்கம் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு இரண்டு கையையும் குவித்து நீட்டி வாங்கித் தின்றான். தின்றுவிட்டு, உப்புத் தூக்கலா இருக்குக்கா என்று குறை வேறு சொன்னான். அன்றைக்கு அன்னத்தாய் சிரித்த சிரிப்பு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை காது வரைக்கும் கேட்டது.

மறுநாள் ஊருக்குள்ளிருந்து வருகிற ஜக்கம்மா ஓர் உருண்டை கேப்பைக்களி கொடுத்தாள். அதற்கு மறுநாள் இன்னொருத்தி. ஒருத்தி கொடுத்து ஒருத்தி கொடுக்காமல் இருந்தால் மரியாதையா? மாசம் முடிவதற்குள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கோர் உருண்டை என்று ஆகிவிட்டது. களி, கம்பஞ்சோறு, புளிச்சோறு, பழைய சோறு, அதோடு கத்திரிக்காய், மொச்சை, கருவாடு என்று பன்னிரண்டு வீட்டு வெஞ்சனம். ஒன்றைத் தள்ள முடியாது. ஒருத்தியிடம் வாங்கி இன்னொருத்தியிடம் வேண்டாம் என்றுவிட்டால் தீர்ந்தது, ஊர் வந்து இறங்குகிறவரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எல்லாருடைய உருண்டையையும் தின்கிறவன் என்பதனாலேயே அது எல்லாருடைய வண்டியாகவும் இருந்தது. யார் எங்கே உட்காருவது என்று மற்ற ஜீப்புகளில் நடக்கிற முணுமுணுப்பு இவன் ஜீப்பில் கிடையாது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. இதற்கு மேல் வீட்டில் பெண்டாட்டி பொன்னாத்தாள் போடுகிற ராச்சாப்பாடு, ஸ்டாண்டுக் கடை பரோட்டா. உடம்பு என்ன செய்யும், வாங்கி வைத்துக்கொண்டது.

நூற்று முப்பது கிலோ ஆனபோது சர்க்கரை வந்தது. முழங்கால் போனது. அதையெல்லாம் அவன் சட்டை பண்ணவில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் மெட்டு ஏறுகிறபோது, கையில் ஸ்டியரிங்கோடு உறங்கிப்போனான். முழுசாக ஒரு நொடிதான். அன்னத்தாய் பின்னாலிருந்து அவன் பிடரியில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கண்ணைத் திறந்தால் முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை, கீழே கம்பம் ஊரும் வயலும் திராட்சைப் பந்தலும் பளிச்சென்று தெரிகின்றன. வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான். பன்னிரண்டு பேரையும் கொண்டுபோய்க் கொட்ட இருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மதுரையில் ஒரு டாக்டர், தொண்டையில் சேர்ந்திருக்கும் கொழுப்பு இரவில் மூச்சை அடைக்கிறது, அதனால்தான் பகலில் கண்ணைக் கட்டுகிறது, எடை குறையாமல் வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். பட்டினி கிடந்து பார்த்தான். அது இரண்டு நாள் தாங்கியது. கடைசியில், இரைப்பையை வெட்டிச் சிறிசாக்கிக் குடலைத் திருப்பி இணைக்கிற ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். துபாயில் இருக்கிற பொன்னாத்தாளின் தம்பி செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் ஆபரேஷன் முடிந்தது.

ஊரில் மட்டும் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தான். உண்மையைச் சொன்னால் ஸ்டாண்டுக்காரர்கள் விடுவார்களா? வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டவன் என்று பட்டப்பெயரே வைத்துவிடுவார்கள். பொன்னாத்தாளுக்கும் வெளியில் மூச்சு விடக்கூடாது என்று கட்டளை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்தவள் ஜெபஷீலா என்கிற பெண். போடிக்காரப் பெண், அதனால் நம் ஊர்ச் சாப்பாடு அவளுக்கு அத்துபடி. முதலில் தண்ணீராகவே குடிக்க வேண்டும், அப்புறம் கடைந்தது, அப்புறம் மசித்தது, சோறு எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவரை மடக்கு மடக்காக என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். பொன்னாத்தாள் காதில் அதில் பாதிதான் ஏறியது. தண்ணீராகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே? பக்கத்துத் தோட்டத்தில் பன்னீர்த் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. நோயாளி வீட்டுக்கு ஒரு கூடை திராட்சை கொடுத்துவிடுவது அந்தப் பள்ளத்தாக்கில் வழக்கம். அவள் அதைப் பிழிந்து, வடிகட்டி, ஜீனி போட்டு, பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தாள். பல நாளாகப் பருப்புத் தண்ணியும் மோருமாக நாக்குச் செத்துப் போயிருந்தவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டான்.

குடித்துச் சற்று நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. பனியன் பிழியப் பிழிய வேர்த்தது. வயிற்றைப் பிசைந்துகொண்டு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரை நோயாளிக்கு வேர்த்துக் கொட்டினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே வாயில் இனிப்பைப் போட வேண்டும். இது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் தெரியும். பொன்னாத்தாளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஓடிப்போய் ஜீனியைக் கரைத்துக் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். வேர்வை கூடியது. இன்னும் கரைத்து ஊற்றினாள். அவன் கட்டிலில் குப்புற விழுந்து, பொன்னு, நான் போறேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவள் அழுதுகொண்டே செல்போனில் ஜெபஷீலாவைக் கூப்பிட்டாள்.

என்ன கொடுத்தீர்கள் என்று அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அக்கா, மொதல்ல கையில இருக்க ஜீனித் தண்ணியக் கீழ கொட்டுங்க” என்றாள். “பழைய வயிறுன்னா இனிப்ப வச்சிருந்து கொஞ்சங்கொஞ்சமா எறக்கும். இப்ப வச்சிருக்க எடமில்ல, அப்படியே கொடலுக்குப் போயிருது. அதேன் இந்தப் பாடு. படுக்க வையுங்க, தன்னால சரியாயிரும். இனிமே இனிப்பத் தண்ணியாக் கரைச்சுக் கண்ணுலயே காட்டாதீக.”

சொன்னபடியே சரியாகிவிட்டது. அன்றைக்கு மீதித் திராட்சை பூராவும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வாய்க்குள் போனது. பொன்னாத்தாள் அதற்கப்புறம் ஜெபஷீலா சொன்ன ஒரு சொல்லையும் மீறவில்லை. பாசிப்பருப்பைக் கடைந்து, துணியில் வடித்து, சங்கில் புகட்டாத குறையாகக் கொடுத்தாள். அவித்த முட்டையின் வெள்ளையைச் சுண்டுவிரல் நுனியளவு கிள்ளி வைத்துவிட்டு, மெல்லு, இன்னும் மெல்லு, முழுங்காதே என்று எதிரில் உட்கார்ந்திருந்தாள். முன்பு முழுக்கோழியை அசராமல் முடித்தவன், கால்வாசி முட்டையைத் தின்றுவிட்டு வயிறு முட்டிப்போச்சு என்று சொன்னால் அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் உடம்பு வாரத்துக்கு வாரம் இறங்கியது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாக்கி, அப்புறம் நிறுத்தியே விட்டார். ராத்திரியில் குறட்டை நின்றுபோக, ஆள் இருக்கிறானா என்று பொன்னாத்தாள் இரண்டு தடவை எழுந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம்.

ஆடி பிறந்து காற்றும் சாரலும் தொடங்கியதும் தோட்டத்தில் காய் எடுப்பும் தொடங்கியது. பகலில் உறக்கம் வருவதில்லை என்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் வண்டி எடுக்கச் சம்மதித்தார். முதல் நாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தவன், தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். கை தாராளமாகப் போய் வந்தது. கறுக்கலில் வளைவு வளைவாக ஏறுகிறான், கண் கண்ணாடி மாதிரி விழித்திருக்கிறது. மூச்சை இழுக்கவே இல்லை. வளைவு வருவது தெரியாமல் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்தார்கள். என்னண்ணே, சொல்லாமக் கொள்ளாம ஒடிக்கிறீக என்று ஜக்கம்மா கத்தினாள். சுயம்புலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். இப்படி ஓட்டி எத்தனை வருஷமாயிற்று என்று மனசு பொங்கிக்கொண்டு வந்தது.

மத்தியானம்தான் வந்தது வினை.

வழக்கம் போல ஸ்டோர் வராந்தாவில் தூக்குவாளிகளைத் திறந்தார்கள். அவன் பொன்னாத்தாள் கொடுத்த பருப்புத் தண்ணியை ஓரமாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஜக்கம்மா ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். நீர்மோர், உப்புப் போட்டது. மோர் குடிக்கலாம் என்று ஜெபஷீலா சொல்லியிருந்ததால் வாங்கிக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்தான். அடுத்தாற்போல் அன்னத்தாய் வந்தாள். ஆபரேஷன் பண்ணிய உடம்பு என்று தனியாக எடுத்துவைத்திருந்த பெரிய நெத்திலிக் கருவாட்டை நடுவில் வைத்து, கம்பஞ்சோற்று உருண்டை நீட்டினாள். கல் மாதிரி இறுகியிருந்தது.  வேணாங்க்கா, வயிறு சரியில்ல என்றான்.

அன்னத்தாய் அவன் கையிலிருந்த மோர் டம்ளரைப் பார்த்தாள். ஜக்கம்மாவைப் பார்த்தாள். உருண்டையைத் திரும்பத் தூக்குவாளிக்குள் போட்டு மூடினாள்.  அவனுக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தான்.

மறுநாள் காலையில் காலனி முக்கில் வண்டியை நிறுத்தினால் யாருமே இல்லை. ஹாரன் அடித்துப் பார்த்தான். தோட்டத்தில் போய் இறங்கியபோது, அதே தோட்டத்துக்கு ஆள் கொண்டுவருகிற ஜேசுராஜின் ஜீப்பிலிருந்து அன்னத்தாயும் மற்ற மூன்று பேரும் இறங்கினார்கள். இவன் பக்கம் திரும்பவில்லை. சுயம்புலிங்கம் ஜேசுராஜைத் தனியாகக் கூப்பிட்டு என்னப்பா விஷயம் என்றான். ஜேசுராஜ் நல்ல பையன்தான், சொல்லத் தயங்கினான்.

“நானாக் கூப்பிடலண்ணே. அதுகளா வந்து ஏறுச்சுக. அன்னத்தாயக்கா ஒண்ணு சொல்லுச்சு, சொன்னா வருத்தப்படக் கூடாது. ஆசுபத்திரியில ரத்தம் ஏத்துனாகளோ என்னமோ, அதோட சாதியும் ஏறிக்கிருச்சுன்னு சொல்லுச்சு.”

 அப்போதுதான் சுயம்புலிங்கத்துக்கு மோர் டம்ளர் நினைவுக்கு வந்தது. ஊர்க்காரி கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டு, காலனிக்காரி கொடுத்ததை வேண்டாம் என்றிருக்கிறான். பார்க்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? அதைவிடப் பெரிய அடி சாயங்காலம் திரும்பும்போது விழுந்தது. பின் சீட்டில் ஊர்க்காரி சொர்ணலதா காலை நீட்டிக்கொண்டு, போனாப் போறாளுக, வண்டி விசாலமாத்தேன் இருக்கு என்றாள். ஒன்றிரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். பதின்மூன்று வருஷத்தில் அவன் ஜீப்பில் கேட்டிராத பேச்சு அது. எல்லாருடைய வண்டி என்று மார்தட்டியதெல்லாம் இரண்டே நாளில் முடிந்துபோய்விடும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தவன் பொன்னாத்தாளிடம் சொன்னான். சொல்லிவிட்டு, சோற்றுப் பானையைக் கொண்டா, ஓர் உருண்டை தின்று பழகிவிட்டு நாளைக்கே அக்கா கையால் வாங்கித் தின்றுவிடுகிறேன் என்றான். அவள் மாட்டேன் என்றாள். அவனே அடுப்படியில் உட்கார்ந்து சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து, பழைய உருண்டையில் பாதி கூட இருக்காது, மூன்று வாயாக விழுங்கினான். மூன்றாவது வாய் நெஞ்சுக்கு நடுவில் நின்றுகொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வழிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட, வாசல் சாக்கடையோரம் மண்டியிட்டு, கடைசிப் பருக்கை வெளியே வருகிறவரை உயிர் போய் உயிர் வந்தது. பொன்னாத்தாள் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள்.

அழுது முடித்துவிட்டு ஒரு பிடி பிடித்தாள். “இம்புட்டுப் பாடுபட்டு அந்தக்காவுக்கு எதய நிரூபிக்கப் போறீக? வயிறு சின்னதாப் போச்சுன்னு சொல்றதுல என்ன கொறஞ்சு போச்சு? ஊரு சிரிக்கும்னு வாய மூடிக்கிட்டீக, இப்ப அந்தக்கா அழுகுது. எது பெருசு?”

 அவளே செல்போனை எடுத்து ஜெபஷீலாவிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. அந்தப் பெண்கள் என்னென்ன கொண்டுவருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். களியும் கம்பஞ்சோறும் இப்போது கூடாது, கருவாடு முள்ளோடு கூடாது. குழம்பில் வெந்து குழைந்த பயறு இருந்தால் தோலை உரித்துவிட்டு, ஒன்றே ஒன்று, வாயில் கூழாகிறவரை மென்று பார்க்கச் சொல்லுங்கள், உட்கார்ந்தால் அடுத்த நாள் இரண்டு என்றாள். பொன்னாத்தாள் அவன் பக்கம் திரும்பி, கேட்டுச்சா என்றாள்.

மறுநாள் மத்தியானம் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஸ்டோர் வராந்தாவில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்னத்தாயும் மற்ற மூவரும் கீழே உரமூட்டை வைக்கிற தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். முன்னெல்லாம் பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்த இடம் அந்த வராந்தா. சுயம்புலிங்கம் பருப்புத் தண்ணிப் பாட்டிலை வைத்துவிட்டு, நனைந்துகொண்டே கொட்டகைக்குப் போனான். 

கொட்டகைக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தரையில் சம்மணம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அது உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அந்தச் சங்கடத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் வந்து போனது.

“ஓங்கிட்டப் பேசணுங்க்கா” என்றான்.

அன்னத்தாய் தலையைத் தூக்கவில்லை. “பேசுறதுக்கு மேல ஆளுக இருக்காக. அங்கன போயிப் பேசு தம்பி.”

“குடலெறக்கம்னு சொன்னது பொய்யிக்கா. தொந்தி கொறையணும்னு எரப்பைய வெட்டித் தச்சிருக்காக. இப்ப என் வயிறு ஒரு கோழிமுட்டை அளவுதேன். தண்ணியா இருந்தா எறங்குது, அதேன் மோரக் குடிச்சேன். சோறு எறங்க மாட்டேங்குது. ஒன் உருண்டையத் திங்கணும்னு நேத்து வீட்டுல சோத்த உருட்டித் தின்னு பாத்தேன். நெஞ்சுல நின்னு ஆளக் கொல்லப் பாத்துச்சு. நம்பலன்னா பொன்னாத்தாளக் கேளு.”

சட்டையைத் தூக்கினான். தொளதொளவென்று தொங்குகிற வயிற்றில் அங்கங்கே சின்னச் சின்னத் தழும்புகள், இன்னும் கறுப்பு மாறாமல் இருந்தன. நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அன்னத்தாய் மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

“வயித்தத்தானய்யா தச்சாக. வாயவுஞ் சேத்தா தச்சாக?” என்றாள்.

அவன் சட்டையை இறக்கிவிட்டான். “கூச்சமா இருந்துச்சுக்கா. ஊரு சிரிக்குமேன்னு.”

“நீ கூச்சப்பட்ட. நான் ரெண்டு நாளா ஒறங்கல. பதிமூணு வருசமா எங்கையில வாங்கித் தின்ன புள்ள, அடுத்தவ குடுத்தத வாங்கிக்கிட்டு என்னைய மட்டும் வேணாங்குதே, நம்ம கையில என்ன வந்துச்சுன்னு இந்தக் கையவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மோரு கொண்டாந்திருக்க மாட்டனா?”  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“தப்புத்தேன்க்கா” என்றான்.   பிறகு தலையை நிமிர்த்தி, “இன்னைக்கு என்னக்கா கொண்டாந்த?” என்று கேட்டான்.

“ஒனக்கு எறங்குறது ஒண்ணுமில்ல.”

“காட்டேன்.”

தூக்குவாளியை அவன் பக்கம் தள்ளினாள். கம்பஞ்சோறு, மேல்தட்டில் கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு. மொச்சை நன்றாக வெந்து பூத்துப்போய்க் கிடந்தது. ஜெபஷீலா சொன்னதை அவன் சொன்னான். தோலை உரித்து, ஒன்றே ஒன்று. அன்னத்தாய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழம்புக்குள் விரலை விட்டுத் துழாவி, இருப்பதில் பெரிதாக ஒன்றை எடுத்தாள். யோசித்து, அதைப் போட்டுவிட்டுச் சின்னதாக ஒன்றை எடுத்தாள். ஏலக்காய்ச் சாறு பட்டுக் கறுத்துப்போன விரல்களால் பதமாகப் பிதுக்கித் தோலை நீக்கினாள். அவன் இரண்டு கையையும் குவித்து நீட்டினான். அவள் அதில் வைத்தாள்.

பாதியைக் கடித்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தான். வராந்தாவிலிருந்து ஒருத்தர் ஒருத்தராக எழுந்து வந்து கொட்டகை வாசலில் நிற்கிறார்கள், சாரல் தலையில் விழுகிறது, யாரும் உள்ளே ஒதுங்கவில்லை. அவன் மென்றுகொண்டே இருந்தான். புளியும் உப்பும் கருவேப்பிலையும் மொச்சையின் மாவுமாக வாய் நிறைந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் ருசி என்ற ஒன்றை அன்றைக்குத்தான் கண்டான். எறங்குச்சாண்ணே என்று ஜக்கம்மா கேட்டதும், அன்னத்தாய் திரும்பி அதட்டினாள். “பேசாம இருடி. மென்னு முடிக்கட்டும்.”

விழுங்கினான். விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். நிற்பதாக இருந்தால் இப்போது நெஞ்சு இறுகும், வாயில் எச்சில் ஊறும் என்பது அவனுக்குத் தெரியும். எச்சில் ஊறவில்லை. நெஞ்சு இலேசாக இருந்தது. மிச்சப் பாதியையும் போட்டு மென்று விழுங்கினான். அதுவும் போய் உட்கார்ந்துகொண்டது.

“எறங்கிருச்சுக்கா” என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் மெட்டையே தூக்கிக் கம்பத்தில் வைத்தவன் மாதிரி இருந்தது.

வாசலில் நின்றவர்கள் ஹோவென்று சத்தம் போட்டார்கள். ஒருத்தி என்கிட்ட தட்டாம்பயறு இருக்கு என்றாள், இன்னொருத்தி அவித்த முட்டை இருக்கு என்றாள். சொர்ணலதா தன் தூக்குவாளியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அன்னத்தாய்க்குப் பக்கத்தில் உரமூட்டை மேல் உட்கார இடம் தேடினாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஜக்கம்மா பருப்பைக் கிள்ளிக்கொண்டு நீட்டினாள். அன்னத்தாய் கையால் மறித்தாள்.

“ஆளுக்கொண்ணு குடுத்து அவனக் கொன்னுபோட்டுறாதீக. கோழிமுட்டை அளவு வயிறுன்னு சொல்றான்ல? இன்னைக்கு இது போதும்.”

“இன்னும் ஒண்ணு குடுக்கா” என்றான் சுயம்புலிங்கம். கை இன்னும் குவிந்தபடிதான் இருந்தது.

அவள் மூடியை எடுத்துத் தூக்குவாளியை அழுத்தி மூடினாள். “நாளைக்கு.”

“நாளைக்கு எங்கன வந்து வாங்குறதுக்கா? ஜேசுராஜ் வண்டியிலயா?”

“ஏன், ஒன் வண்டி நாளைக்கு ஓடாதா?”

“ஓடும்க்கா” என்றான்.